சர்ச்சுக்கு மாசம் எவ்வளவு குடுக்கறது? நீங்களே முடிவு பண்ண ஒரு முழுமையான வழிகாட்டி

காணிக்கைப் பை பக்கத்துல வரும்போது பர்ஸ்ல என்ன நோட்டு கிடைக்குதோ அதை வெச்சு முடிவு பண்றவங்கதான் நம்மள்ல நிறைய பேர். சின்ன நோட்டு இருந்தா டக்குனு போட்டுடுவோம், பெரிய நோட்டு மட்டும் இருந்தா ஒரு தயக்கம், பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு ஓரக்கண்ணால ஒரு பார்வை. இன்னொரு பக்கம், பத்துல ஒண்ணு குடுக்கலைன்னா வீட்டுக்கு சாபம் வந்துரும்னு பயந்து, வாடகைக்கு கைமாத்து வாங்கிட்டு தசமபாகம் கட்டறவங்களும் இருக்காங்க. இந்த ரெண்டு பேருமே இன்னும் முடிவே எடுக்கல, ஒருத்தருக்கு பர்ஸ் முடிவு பண்ணுது, இன்னொருத்தருக்கு பயம் முடிவு பண்ணுது.

கொஞ்ச காலம் சபைக் கணக்கு பாத்தவன்ங்கற முறைல சொல்றேன், தொகையை ஆராதனை நடக்கும்போது முடிவு பண்ணாதீங்க, வீட்டுல பேப்பர் பேனாவோட உக்காந்து முடிவு பண்ணுங்க. பவுல் 2 கொரிந்தியர் 9:7ல சொல்றதும் அதுதான், "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்". முன்னாடியே நியமிக்கணும், அப்புறம் குடுக்கணும். எப்படி நியமிக்கறதுங்கறதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

படி 1: பத்துல ஒண்ணுங்கறது எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல தெளிவாகுங்க

இதுல குழப்பம் இருந்தா பின்னாடி போடற எந்தக் கணக்கும் நிக்காது, அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம்.

ஆதியாகமம் 14ல ஆபிராம் போர்ல ஜெயிச்சுட்டு வரும்போது மெல்கிசேதேக்குங்கற ஆசாரியனுக்கு பத்துல ஒரு பங்கு குடுத்தான். அது ஒரு தடவை நடந்தது, மாசாமாசம் குடுத்தான்னு எங்கயும் இல்லை. ஆதியாகமம் 28ல யாக்கோபு பொருத்தனை பண்ணினான், நீர் என்னைக் காப்பாத்தி ஆகாரமும் வஸ்திரமும் குடுத்தா பத்துல ஒண்ணு உமக்குன்னு. அப்புறம் மோசே காலத்துல இது சட்டமாச்சு. லேவியராகமம் 27ல பேசறது நிலத்தோட தானியம், மரத்தோட கனி, ஆடு மாடு இதுங்களைப் பத்தி. எண்ணாகமம் 18 பிரகாரம் அது ஆராதனை ஊழியத்துக்குன்னு பிரிச்ச லேவியர் கோத்திரத்துக்கு, ஏன்னா அவங்களுக்கு நிலத்துல பங்கு கிடையாது, அவங்களும் வாங்கினதுல பத்துல ஒண்ணை ஆசாரியனுக்கு குடுக்கணும்.

நம்ம பிரசங்கங்கள்ல அதிகமா காதுல விழாத பகுதி உபாகமம் 14. அங்க தசமபாகத்தை கர்த்தருடைய சந்நிதில குடும்பத்தோட சாப்பிட்டு சந்தோஷப்படச் சொல்லியிருக்கு, தூரமா இருந்தா வித்து காசாக்கிட்டு போய் அங்க வேணுங்கறதை வாங்கிக்கலாம்னும் இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதை ஊருக்குள்ளேயே வெச்சு லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை இவங்க சாப்பிட்டு திருப்தியாகக் குடுக்கணும். இதையெல்லாம் தனித்தனி தசமபாகமா எண்ணுனா வருஷத்துக்கு சராசரியா 23 பர்சென்ட் கிட்ட வரும்னு ஒரு கணக்கு, மூணாவது வருஷத்துல குடும்பத்தோட சாப்பிடற பங்குக்கு பதிலாத்தான் ஏழைங்க பங்குன்னு யூத மரபு எடுத்துக்கறது இன்னொரு கணக்கு. எப்படிப் பாத்தாலும் "பைபிள் சொல்ற கணக்கு சரியா 10"னு அடிச்சு சொல்றது அவ்வளவு சுலபமில்லை.

மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம், தசமபாகங்களை எல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள். நெகேமியா 13ஐயும் சேத்துப் படிச்சா தசமபாகம் வராத நிலைமை எப்படி இருந்திருக்கும்னு தெரியும், லேவியருக்கு பங்கு போகாததால அவங்க ஊழியத்தை விட்டுட்டு அவங்கவங்க வயலுக்குப் போயிட்டாங்க, நெகேமியா திரும்ப தசமபாகத்தை வரவெச்சு, உண்மையுள்ளவங்கன்னு பேர் வாங்குனவங்களைப் பண்டசாலைக்கு பொறுப்பா போட்டாரு. குடுக்காதது ஒரு பிரச்சனை, வந்ததை யாரு கையாளறாங்கங்கறது அதே அளவு முக்கியமான விஷயம்.

புதிய ஏற்பாட்டுல இயேசு மத்தேயு 23:23ல தசமபாகத்தை பத்தி பேசறாரு, ஒற்தலாம் (புதினா) வெந்தயம் சீரகம் வரைக்கும் கணக்கா குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுட்டீங்கன்னு பரிசேயரைக் கண்டிக்கிற இடத்துல. இவைகளையும் செய்யணும் அவைகளையும் விடக்கூடாதுன்னும் அதே வசனத்துல சொல்றாரு, அதனால தசமபாகம் இன்னும் உண்டுன்னு சொல்றவங்க இதைக் காட்டுவாங்க. இல்லைன்னு சொல்றவங்க அப்போஸ்தலர் 15ஐ காட்டுவாங்க, யூதரல்லாத விசுவாசிகளுக்கு எருசலேம்லேருந்து போன கடிதத்துல தசமபாகம் பத்தி ஒரு வரி இல்லை. சபைப் பிரிவுகளும் இப்படித்தான் பிரிஞ்சு நிக்குது. கத்தோலிக்கத் திருச்சபைல பர்சென்ட் எதுவும் கிடையாது, அவங்கவங்க சக்திக்கு ஏத்த மாதிரி திருச்சபையோட தேவைக்கு உதவணும்னுதான் அவங்க போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு சொல்லுது. மோர்மன் சபைல பத்துல ஒண்ணு கட்டாயம். பெந்தெகொஸ்தே சபைகள் நிறைய 10ஐ அடிப்படைன்னு வெச்சிருக்கும். இங்கிலாந்து திருச்சபை கைக்கு வர்ற வருமானத்துல 5 பர்சென்ட் சபைக்கு, அதே அளவு மத்த தர்ம காரியங்களுக்குன்னு ஒரு அளவுகோல் சொல்லியிருக்கு. ஜெர்மனில வேற கதை, சபை உறுப்பினரா பதிவாயிருந்தா வருமான வரி மேல 8 இல்லாட்டி 9 பர்சென்ட் சபை வரி அரசாங்கமே பிடிச்சுக் குடுக்கும். இது வரி மேல போடற பர்சென்ட், வருமானம் மேல இல்லை.

ஆதி சபைல எப்படின்னா, சுமார் கி.பி. 197ல தெர்த்துல்லியன்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினதுல, மாசத்துக்கு ஒரு நாள் அவனவன் விருப்பப்பட்டா, முடிஞ்சா, ஒரு சின்னத் தொகை போடறான், யாரையும் கட்டாயப்படுத்தறது இல்லைன்னு சொல்றாரு. அந்தப் பணம் ஏழைங்களை அடக்கம் பண்ண, அநாதைப் பிள்ளைங்களுக்கு, சிறைல இருக்கறவங்களுக்குன்னு போச்சு.

என் கருத்து, 10ங்கறதை ஒரு நல்ல அளவுகோலா வெச்சுக்கலாம், அதை வெச்சு யாரையும் மிரட்டக் கூடாது. உங்க சபையோட போதனை வேறயா இருந்தா அதை மதிங்க, ஆனா போதகர் சொன்னாருன்னு மட்டும் விடாம நீங்களே அந்த வசனங்களை முன்னாடி பின்னாடி அதிகாரத்தோட வாசிச்சுப் பாருங்க.

படி 2: உண்மையான வருமானம் எவ்வளவுன்னு கண்டுபிடிங்க

"எதுல பத்துல ஒண்ணு?" இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. மொத்த சம்பளமா, கைக்கு வர்றதா? ஒரு உதாரணம் பாருங்க. மொத்தம் 50,000, வரியும் மத்த பிடித்தமும் 8,000, கைக்கு 42,000. மொத்தத்துல 10 பர்சென்ட்னா 5,000, கைக்கு வந்ததுலன்னா 4,200. மாசம் 800 வித்தியாசம், வருஷத்துக்கு 9,600. இதுல எது சரின்னு பைபிள்ல நேரடியா பதில் கிடையாது, அப்ப சேலரி ஸ்லிப்பே இல்லையே. ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வருஷம் பூரா அதையே வெச்சுக்கோங்க, அது போதும். ஒண்ணு மட்டும் கவனம், சேமநல நிதிக்கு பிடிக்கறதை இப்ப கணக்குல சேக்கலைன்னா, பின்னாடி அது மொத்தமா கைக்கு வரும்போது சேத்துக்கணும், இப்பவே சேத்துட்டீங்கன்னா அப்ப உங்க பங்கை மறுபடி எண்ண வேண்டாம், கம்பெனி போட்ட பங்கையும் வட்டியையும் மட்டும் பாருங்க.

வியாபாரம் பண்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கல்லாவுல வர்றது வருமானம் இல்லை. மாசம் 2,00,000 வித்து, சரக்கு வாடகை கூலி கரண்ட் எல்லாம் போக 1,60,000 செலவுன்னா உங்க வருமானம் 40,000. தசமபாகம்னா 4,000. விற்பனை மேல போட்டா 20,000, லாபத்துல பாதி போயிடும், மார்ஜின் 10 பர்சென்ட்தான்ங்கற தொழில்ல லாபம் முழுசுமே போயிடும், அடுத்த மாசம் சரக்குக்கு கடன் வாங்கணும். விசுவாசத்தோட குடுங்கன்னு யாராவது சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாசாமாசம் ஒரே மாதிரி வராதவங்க, அதாவது கமிஷன் வேலை, ஃப்ரீலான்ஸ், தினக்கூலி, இவங்க தொகையை ஃபிக்ஸ் பண்ணாம பர்சென்டை ஃபிக்ஸ் பண்ணுங்க. 8 பர்சென்ட்னு வெச்சா ஒரு மாசம் 10,000 வந்தா 800, அடுத்த மாசம் 55,000 வந்தா 4,400, அதுக்கடுத்து 25,000 வந்தா 2,000. பணம் வந்த அன்னிக்கே பிரிச்சு வெச்சுடணும், இல்லைன்னா பெரிய மாசத்துல இது கண்ணுல படாமலே செலவாயிடும். 1 கொரிந்தியர் 16:2ல பவுல் சொல்ற "தன்தன் வரவுக்குத் தக்கதாக" சேத்துவைக்கிற பழக்கம் இதேதான்.

போனஸ் வருமானம்தான். கடன் வாங்கின பணம் வருமானம் இல்லை, இன்ஷூரன்ஸ்ல ஆஸ்பத்திரி செலவுக்கு வர்றதும் இல்லை. இடம் வித்தா வாங்குன விலை போக மிச்சம் இருக்கற லாபத்தை மட்டும் பாருங்க. பரிசா வந்த பணம் உங்க விருப்பம்.

படி 3: சர்ச்சுக்கு முன்னாடி யாருக்கு கடமைப்பட்டிருக்கீங்கன்னு எழுதுங்க

இந்த படியைத் தாண்டிக் குதிக்கறவங்கதான் பின்னாடி கசப்போட குடுக்கறாங்க. மாற்கு 7ல இயேசு கொர்பான் பத்தி பேசறாரு. அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியதை "இது காணிக்கை, தேவனுக்கு நேர்ந்தாச்சு"ன்னு சொல்லி தப்பிச்சுக்கற ஒரு பழக்கம் இருந்துச்சு, அதை அவர் தேவனோட வசனத்தையே அவமாக்கறதுன்னு சொன்னாரு. 1 தீமோத்தேயு 5:8 இன்னும் காட்டமா இருக்கும், சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியைவிட கெட்டவன்.

அதனால அம்மாவோட மாத்திரை செலவை நிறுத்திட்டு பில்டிங் ஃபண்டுக்கு குடுத்தா அதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை. சாப்பாடு, வாடகை, மருந்து, பிள்ளைங்க படிப்பு, பெத்தவங்க செலவு, கடன் தவணை எல்லாத்தையும் எழுதிக் கூட்டுங்க. ஓடிடி சந்தா, வெளில சாப்பிடறது, ஆன்லைன் ஷாப்பிங் இதெல்லாம் தனியா எழுதுங்க, இந்த லிஸ்ட்டுல சேக்காதீங்க. "எனக்கு முடியல"ன்னு சொல்றதுல எவ்வளவு நிஜமா முடியல, எவ்வளவு மனசு வரலைன்னு ரெண்டு லிஸ்ட்டையும் பக்கத்துல வெச்சா தெரிஞ்சுரும்.

கடன் பத்தி ரெண்டு வகையா யோசிக்கலாம். வீட்டுக்கடன் மாதிரி வருஷக்கணக்கா போறது சாதாரண செலவு மாதிரிதான், அது முடியற வரைக்கும் குடுக்கறதில்லைன்னு இருந்தா பாதி ஆயுசு போயிடும். கிரெடிட் கார்டு பாக்கி, கந்துவட்டி, கைமாத்து இதெல்லாம் வேற, அங்க வட்டி உங்க வருமானத்தை சாப்பிட்டுட்டு இருக்கும், குடுத்தவருக்கும் அவர் பணம் வேணும். அப்படிப்பட்ட கடன் இருந்தா காணிக்கையை ஒரு சின்ன அளவுக்கு குறைச்சு வெச்சுட்டு, 1 இல்லாட்டி 2 பர்சென்ட், மிச்சத்தை கடன்ல போடுங்க, கடன் முடிஞ்ச மாசத்துலேருந்து அந்தத் தவணைப் பணத்துல ஒரு பங்கை காணிக்கைக்கு திருப்பி விடுங்க. அந்த சின்ன அளவைக்கூட ஏன் விடக்கூடாதுன்னா, ஒரேயடியா நிறுத்திட்டா மறுபடி ஆரம்பிக்கறது ரொம்ப கஷ்டம், அவ்வளவுதான். அடுத்த வேளை சாப்பாட்டுக்கே வழியில்லைன்னா அதுவும் வேண்டாம், உங்க நிலைமைல இருக்கறவங்களுக்கு குடுக்க வேண்டியது சபைதான்.

ஏழை விதவை ரெண்டு காசு போட்டாளேன்னு கேப்பீங்க. மாற்கு 12:41லேருந்து வாசிக்காம ஒரு வசனம் முன்னாடிலேருந்து வாசிங்க. விதவைகளோட வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர் (வேதச் சட்டத்தைப் போதிச்சவங்க) பத்தி சொல்லிட்டுதான் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரா உக்கார்றாரு. அவளை அவர் மெச்சினாரு, சரி, ஆனா அவகிட்டேருந்து வாங்குங்கன்னு யாருக்கும் சொல்லல.

படி 4: உங்க பர்சென்டை கண்டுபிடிங்க

புதுசா ஒரு நம்பரைத் தேடாம, இப்ப எங்க நிக்கறீங்கன்னு பாருங்க. போன 12 மாச பேங்க் ஸ்டேட்மென்டை எடுங்க, சபைக்கு அனுப்பினதெல்லாம் கூட்டுங்க, கையால போட்டதை ஒரு உத்தேசமா சேருங்க. மொத்தம் 18,000, வருஷ வருமானம் 6,00,000ன்னா நீங்க குடுக்கறது 3 பர்சென்ட். நிறைய பேருக்கு இந்த நம்பர் அவங்க நினைச்சதைவிட கம்மியா வரும். சிலருக்கு அதிகமா வரும், அவங்க வீட்டுல பட்ஜெட் ஏன் இடிக்குதுங்கறதுக்கும் பதில் அங்கயே கிடைச்சுரும்.

3ல இருக்கறவர் நாளைக்கே 10க்கு தாவ வேண்டாம். உணர்ச்சிவசப்பட்டு ஏத்தினது கொஞ்ச நாள்ல இறங்கிடும், அதோட குற்ற உணர்வும் வந்து உக்காந்துக்கும். ஆறு மாசத்துக்கு 1 பர்சென்ட்னு ஏத்திப் பாருங்க, 3லேருந்து 4, அப்புறம் 5. எங்க வீட்டு செலவு நிஜமா இடிக்குதோ அங்க நில்லுங்க. சம்பளம் ஏறும்போது இன்னொரு வழி இருக்கு, ஏறின பணத்துல மட்டும் கூடுதல் பங்கு குடுக்கறது. சம்பளம் 10,000 கூடிச்சுன்னா அதுல 20 பர்சென்ட், 2,000, காணிக்கைக்குன்னு வெச்சா பழைய பட்ஜெட்டுல கையே வைக்க வேண்டியதில்லை.

10ஐத் தாண்டினவங்களும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி எழுதினதுல ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த ஒருத்தர் கதை வருது, அது அவரேதான்னு பொதுவா சொல்லுவாங்க. வருஷத்துக்கு 30 பவுண்ட் வந்தப்ப 28ல வாழ்ந்துட்டு 2 பவுண்ட் குடுத்தாரு, அடுத்த வருஷம் 60 வந்துச்சு, அப்பவும் 28லயே வாழ்ந்து 32 குடுத்தாரு, அப்புறம் 90 வந்தப்ப 62, 120 வந்தப்ப 92. நல்ல வசதியா இருக்கறவங்களுக்கு 10 பர்சென்ட்ங்கறது தொட்டுப் பாத்தாலே தெரியாத தொகை, அவங்க இதை யோசிக்கலாம். ரொம்ப கம்மியா வர்றவங்களுக்கு 10 பர்சென்ட் ஒரு வார சாப்பாடு. ஒரே பர்சென்ட் எல்லாருக்கும் ஒரே பாரம் கிடையாது. 2 கொரிந்தியர் 8:12 இதுக்கு நல்ல துணை, இல்லாததின்படி இல்லை, உள்ளதின்படிதான் அங்கீகரிக்கப்படும்.

படி 5: எல்லாம் சபைக்கேவா, இல்ல பிரிக்கணுமா?

முழு தசமபாகமும் சொந்த சபைக்கு, மத்ததெல்லாம் அதுக்கு மேலன்னு சில சபைகள் சொல்லும். சிலர் மொத்தமா குடுக்கறதுல பாதி சபை, பாதி ஏழைங்க, மிஷனரி, கஷ்டப்படற சொந்தக்காரங்கன்னு பிரிப்பாங்க. உபாகமம் 14ல ஏழைக்கும் அந்தப் பங்கு போச்சுன்னு பாத்தோமே, அதனால பிரிக்கறதை திருட்டுன்னு சொல்றது எனக்கு நியாயமா படல.

ஆனா ஒண்ணு. நீங்க உக்கார்ற பெஞ்ச், எரியற லைட், போதகரோட சம்பளம், பிள்ளைங்க ஞாயிறு பள்ளி புத்தகம் எல்லாத்துக்கும் யாரோ குடுக்கறாங்க. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன்னு 1 தீமோத்தேயு 5:18 சொல்லுது. வாராவாரம் ஒரு சபைல போய் உக்காந்துட்டு, காணிக்கையை மட்டும் டிவில வர்ற ஊழியத்துக்கு அனுப்பறது சரியில்லை, அந்த ஊழியக்காரர் உங்க வீட்டுல சாவு விழுந்தா வர மாட்டாரு. சபையோட வருஷ செலவை அங்கத்தினர் குடும்பங்களோட எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க, உங்க பங்கு குறைஞ்சபட்சம் எவ்வளவு வரணும்னு ஒரு உத்தேசம் கிடைக்கும். வசதி இருக்கறவங்க அதுக்கு மேல போடணும், ஏன்னா அந்த சராசரியை எட்ட முடியாத குடும்பங்கள் எல்லா சபைலயும் இருக்கும்.

படி 6: பணம் எங்க போகுதுன்னு பாருங்க

கேள்வி கேக்கறது அவிசுவாசம்னு சொல்ற சபைல எனக்கு நம்பிக்கை வராது. 2 இராஜாக்கள் 12ல யோவாஸ் ராஜா காலத்துல பணம் கோயிலை பழுதுபாக்கப் போகாம நின்னுச்சு, அப்ப ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டி எடுத்து மூடில துவாரம் போட்டு பலிபீடத்துக்கு பக்கத்துல வெச்சான், அது நிறைஞ்சதும் ராஜாவோட கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினாங்க. ரெண்டு தரப்பு, சேர்ந்து எண்ணணும். பவுலும் எருசலேமுக்கு பணம் கொண்டு போனப்ப தனியா கொண்டு போகல, யாரும் குத்தம் சொல்லிடக்கூடாதுன்னு கூட சகோதரரை அனுப்பினாருன்னு 2 கொரிந்தியர் 8ல இருக்கு.

ஒழுங்கா நடக்கற சபைல ஆராதனை முடிஞ்ச உடனே என்ன நடக்கும்னு சொல்றேன். பைகள் நேரா ஒரு மேஜைக்கு வரும். சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு மூணு பேர் உக்காருவாங்க, ஒருத்தர் நோட்டுகளை முகம் ஒரே பக்கமா திருப்பி அடுக்குவாரு, இன்னொருத்தர் கவர்களை பிரிச்சு உள்ள இருக்கற தொகையை கவர் மேலயே எழுதுவாரு, எண்ணி முடிச்சதும் ஒரே தாள்ல எல்லாரும் கையெழுத்து, அடுத்த வேலை நாள்ல அந்தத் தாள்ல இருக்கற அதே தொகை பேங்க்குல ஏறும். நடுவுல "இதுலேருந்து கொஞ்சம் எடுத்து அந்த செலவைப் பாத்துருங்க, அப்புறம் எழுதிக்கலாம்"னு ஒரு குரல் வரும், அங்கதான் எல்லாம் கெடும். செலவு எவ்வளவு நியாயமானதா இருந்தாலும் முதல்ல வரவு பேங்க்குக்கு போகணும்.

உங்க சபைல கேட்டுப் பாக்க வேண்டியது இவ்வளவுதான்: வருஷக் கணக்கு சபையாருக்கு காட்டறாங்களா, வெளியாள் ஆடிட் பண்றாங்களா, செக்ல ஒருத்தருக்கு மேல கையெழுத்து போடறாங்களா, பேங்க் கணக்கு சபை பேர்ல இருக்கா போதகர் பேர்ல இருக்கா, போதகரோட சம்பளத்தை யாரு முடிவு பண்றாங்க, ஏழைங்களுக்கு எவ்வளவு போச்சு. கேக்கற விதமும் முக்கியம், கூட்டத்துல எழுந்து நின்னு குற்றவாளிக் கூண்டுல நிறுத்தற மாதிரி கேக்காதீங்க, பொருளாளரை தனியா பாத்து "அண்ணே, போன வருஷக் கணக்கு ஒரு காப்பி கிடைக்குமா"ன்னு கேளுங்க. நல்ல பொருளாளர் சந்தோஷப்படுவாரு, அந்தக் கணக்கை யாராவது படிக்கணும்னுதானே அவர் ராத்திரி உக்காந்து எழுதறாரு.

பதில் திருப்தியா இல்லைன்னா குடுக்கறதை நிறுத்தி பாக்கெட்ல வெச்சுக்காதீங்க, அந்தப் பங்கை நேரா தேவை இருக்கற இடத்துக்கு திருப்பி விடுங்க. அது தெளிவாகற வரைக்கும் சபைக்கு ஒரு சின்ன தொகை போதும்.

படி 7: வீட்டுல பேசுங்க

கணவன் மனைவி ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தெரியாம காணிக்கை போறது நிறைய வீட்டுல நடக்குது, தெரிய வரும்போது சண்டை காணிக்கையைப் பத்தி இருக்காது, மறைச்சதைப் பத்தி இருக்கும். ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு பர்சென்டை தாள்ல எழுதுங்க, அப்புறம் காட்டுங்க. ஒருத்தர் 10, இன்னொருத்தர் 4ன்னா உடனே 7னு பேரம் பேசாதீங்க, 4ன்னு எழுதினவருக்கு என்ன பயம்னு முதல்ல கேளுங்க. "பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு இன்னும் ஒண்ணும் சேக்கலைங்க"ன்னு பதில் வந்தா அது கஞ்சத்தனம் இல்லை. துணைக்கு விசுவாசம் இல்லைன்னா, இல்ல வேற மதம்னா, உங்க சொந்த சம்பாத்தியத்துலேருந்து மட்டும், அதுவும் அவங்களுக்குத் தெரிஞ்சே குடுங்க. சொந்த வருமானம் இல்லாதவங்க வீட்டு செலவுல மறைச்சு எடுத்து குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 8: ஏற்பாடு பண்ணிட்டு மறந்துருங்க

சம்பளம் வர்ற நாளுக்கு மறுநாள் ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி பேங்க்ல போட்டுடுங்க. ஆராதனைல கையால போட்டாதான் மனசுக்கு நிறைவுன்னா மாச ஆரம்பத்துலயே கவர்கள்ல பிரிச்சு வெச்சுடுங்க. ரசீது வாங்குங்க. வரிச்சலுகை நாட்டுக்கு நாடு மாறும், சபை எப்படி பதிவாகியிருக்குங்கறதைப் பொறுத்தும் மாறும், உங்க சபை அதுக்குள்ள வருமான்னு பொருளாளர்கிட்டயே கேட்டுக்கலாம். சலுகையில திரும்பி வர்ற பணத்தையும் குடுக்கணுமான்னா, மொத்த சம்பளத்துல ஏற்கனவே குடுத்திருந்தீங்கன்னா வேண்டாம்.

படி 9: திடீர் அப்பீல்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி

கட்டிட நிதி, கன்வென்ஷன், சவுண்ட் சிஸ்டம், முதற்பலன், வருஷாந்திர ஸ்தோத்திரக் காணிக்கை... இதெல்லாம் வந்துட்டேதான் இருக்கும். மாச காணிக்கையைத் தவிர வருஷத்துக்கு ஒரு தொகையை, உதாரணமா வருமானத்துல 1 பர்சென்டை, இந்த மாதிரி அப்பீல்களுக்குன்னு தனியா ஒதுக்குங்க. அது தீர்ந்துட்டா அந்த வருஷத்துக்கு தீர்ந்துச்சு. இரக்கமில்லாம போயிடுவோமோன்னு தோணும், ஆனா அந்த ஒதுக்கின பணம் இருக்கறதாலதான் நிஜமான தேவை வரும்போது கை தயங்காது.

மேடைல இசை மெதுவா ஓட, "இன்னிக்கு ஒரு லட்சம் விதைக்கிற பத்து பேர் எழுந்து நில்லுங்க"ன்னு கேக்கும்போது எழுந்து நிக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சும் அதே எண்ணம் இருந்தா அப்ப குடுங்க, தேவனுக்கு ஒரு வாரத்துல பணம் பழசாயிடாது. பிரசங்கி 5ல பொருத்தனை பண்ணிட்டு நிறைவேத்தாம இருக்கறதைவிட பண்ணாம இருக்கறதே நல்லதுன்னு தெளிவா இருக்கு. "நீ குடுத்தா நூறத்தனையா உன் அக்கவுண்ட்டுக்கு திரும்பி வரும்"னு யாராவது உத்தரவாதம் குடுத்தா, அப்போஸ்தலர் 8ல தேவனோட வரத்தை பணத்தால வாங்கப் பாத்த சீமோனுக்கு பேதுரு சொன்ன பதிலை ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு இடம் இருக்கு, யாத்திராகமம் 36. ஆசரிப்புக்கூடாரம்ங்கற ஆராதனைக் கூடார வேலைக்கு ஜனங்க கொண்டுவந்தது தேவைக்கு அதிகமாயிருச்சு, மோசே பாளயம் முழுக்க சொல்லி அனுப்பி இனிமே கொண்டுவர வேண்டாம்னு நிறுத்திட்டாரு. ஒரு கட்டிட நிதிக்கு இலக்கு எவ்வளவு, எப்ப நிறுத்துவீங்கன்னு கேக்கறதுக்கு இதைவிட நல்ல வசனம் இல்லை.

படி 10: வருமானம் குறைஞ்சா

வேலை போச்சு, உடம்பு முடியல, தொழில் படுத்துருச்சு. பர்சென்ட் வெச்சிருந்தா தொகை தானா இறங்கும், வருமானமே இல்லைன்னா பூஜ்யத்துல எவ்வளவு பர்சென்டும் பூஜ்யம்தான். சேமிப்பை உடைச்சு குடுக்க வேண்டாம். வெக்கப்பட்டு சபைக்கு வராம இருந்துடாதீங்க, அதுதான் பெரிய நஷ்டம். குடுத்தவங்க பேரையும் தொகையையும் வாசிக்கற பழக்கம் இருக்கற சபைன்னா போதகர்கிட்ட முன்னாடியே போய் "ஐயா, கொஞ்ச மாசம் என்னால முடியாது, லிஸ்ட்ல என் பேரை விட்டுருங்க"ன்னு சொல்லிடுங்க. அந்த நேரத்துல உங்க வீட்டுக்கு அரிசி பருப்பு இருக்கான்னு கேக்கற போதகர் கிடைச்சா, நிலைமை சரியானதும் அந்த சபைக்கு தாராளமா குடுங்க. நேரத்தைக் குடுக்கலாமேன்னு சிலர் சொல்லுவாங்க, குடுக்கலாம், ஆனா வேலை தேடற நேரத்தையும் சேத்துக் குடுத்துடாதீங்க.

படி 11: வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பாருங்க

ஒரு தேதியை குறிச்சு வெச்சு, வருமான வரி கணக்கு பாக்கற சமயம் வசதியா இருக்கும், நாலு விஷயத்தை மட்டும் எழுதுங்க: போன வருஷம் வந்தது, குடுத்தது, அது எத்தனை பர்சென்ட், இந்த வருஷம் எத்தனை. பிள்ளைங்க பெரியவங்களா இருந்தா அவங்களையும் பக்கத்துல உக்கார வைங்க, அவங்க கைச்செலவுக்கு குடுக்கற காசுல எவ்வளவு பிரிக்கறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நீங்க திருத்தாதீங்க. சபை மாறினா பழைய சபைக்கு சொன்ன வாக்கு ஏதாவது பாக்கி இருந்தா அதை முடிச்சுட்டு, புது சபையோட கணக்கை பாத்துட்டு, படி 5லேருந்து மறுபடி போடுங்க. எழுதின தாளை பைபிளுக்குள்ள வெச்சா தொலைஞ்சு போகும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.